தனேஷின் பதினேழு காரணங்கள்

ஜூலை 7, திங்கள்

இந்த வாரம் கேட் டியூட்டி என்னுடையது. 7.30-க்குப் பெரிய கேட்டைச் சாத்த வேண்டும். அதற்குப் பிறகு சின்னக் கதவு வழியாக வருகிறவர்களின் பெயரைத் தாமதப் புத்தகத்தில் எழுத வேண்டும். மாணவர் தலைவர்களின் கையேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது.

கையேட்டில் இல்லாத ஒன்றும் உண்டு. சபை கூடலில் தேசியப் பாடல் முடிந்து, பள்ளிப் பாடலின் கடைசி வரியும் முடியும்வரை அந்தப் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. யார் சொன்னது என்று கேட்டேன். போன வருடத்து அக்காமார் சொன்னார்களாம். அவர்களுக்கு அதற்கு முந்தின வருடத்து அக்காமார். எங்கள் பள்ளிப் பாடல் மூன்று பத்தி. பள்ளி தொடங்கிய 1908-இல் ஆங்கிலத்தில் எழுதினார்கள், பிறகு மலாய்க்கு மாற்றினார்கள், நீளத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் நிறைய நேரம் இருந்திருக்கிறது. ஆக மொத்தம் நான்கு நிமிடம் பத்து நொடி. மூன்று முறை அளந்துவிட்டேன்.

இன்று மூன்றாம் பத்தியில் தனேஷ் வந்தான். எப்போதும் மூன்றாம் பத்திதான். சட்டையில் ஒரு பக்கம் வெளியே, தலை ஈரம், முகத்தில் எந்தக் கவலையும் இல்லை. ஏன் லேட் என்று கேட்டேன். "ரயில் டிரைவர் நாசி லெமாக் பொட்டலம் வாங்க எறங்கிட்டாரு. எனக்கும் ஒன்னு சொன்னேன். அதான்" என்றான்.

இவன் வீடு பள்ளிக்குப் பின்னாலுள்ள பிளாட். தவழ்ந்து வந்தாலும் பத்து நிமிடம். இவனுக்கு எதற்கு ரயில்? அதனால்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் சொந்த நோட்டில் எழுதி வைத்தேன்: 7.33, நாசி லெமாக். ஜூன் மாதத்திலிருந்து யார், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி வந்தார்கள் என்று எல்லாவற்றையும் அதில் குறித்து வருகிறேன். ஏன் குறிக்கிறேன்? தெரியவில்லை. குறிக்காமல் இருக்க முடியவில்லை. என் டியூட்டி இல்லாத வாரத்திலும் கேட் பக்கம் நின்று குறிக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

நூலகத்தின் கண்ணாடி அலமாரியைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்ததைவிடப் படித்தது அதிகம். நூறு வருடத்துக்கு முந்தைய ஆண்டிதழ்கள். அப்போது ஆண் பிள்ளைகள் மட்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம், 'வகுப்புச் செய்திகள்' என்று. எழுதியவர் பெயர் இல்லை. செய்தி என்று பெயரே தவிர எல்லாம் கேலி.

1927-இல் ஒருவன் கிளாங்கிலிருந்து ரயிலில் வருவானாம். இரண்டு தடவை தாமதமாக வந்து, வண்டியில் எருமை அடிபட்டது என்றானாம். மூன்றாம் தடவையும் அதையே சொன்னதும் ஆசிரியர், சிலாங்கூரில் இன்னும் எத்தனை எருமை மிச்சம் என்று கேட்டாராம். இன்னொருவன் லத்தீன் தேர்வில் பெயரை மட்டும் சரியாக எழுதினான், அதற்கு ஒரு மதிப்பெண் கேட்டுப் போராடினான்.

தூசியில் தும்மிக்கொண்டே சிரித்தேன். நூலகர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

ஜூலை 10, வியாழன்

ரமணி டீச்சரிடம் கேட்டே விட்டேன். தமிழ் மொழிக் கழகத்தின் பலகை கென்டீன் பக்கம் சும்மா கிடக்கிறது. போன தீபாவளி வாழ்த்து இன்னும் அதில் இருக்கிறது. அங்கே எங்கள் நான்காம் படிவ வகுப்புக்கு ஒரு 'வகுப்புச் செய்திகள்' போடலாமா? டீச்சர் ஆண்டிதழுக்கும் பொறுப்பு. நன்றாக வந்தால் அதிலும் போடலாம் என்றார். யார் எழுதுவது என்று கேட்டதற்கு நான் என்றேன்.

"நீயா ஷார்மைன்?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். அதுதான் வலித்தது.

ஜூலை 11, வெள்ளி

இதுவரை நான் சொல்லி மற்றவர்கள் சிரித்த நகைச்சுவைகள்: ஒன்று. அதுவும் நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

எழுதிப் பார்க்கிறேன். பக்கத்து இருக்கை லோகேஸ்வரியிடம் காட்டினால் பயனில்லை. அவள் நகைச்சுவை தொடங்குவதற்கு முன்பே சிரித்துவிடுவாள், முடியும்போது அழுதுகொண்டிருப்பாள். (இதையும் எழுதிக்கொண்டேன்.)

எனக்குக் கற்பனை வராது. நடந்ததை எழுதத்தான் தெரியும். அப்புறம் தோன்றியது. எழுதுவதற்கு என்னிடம்தான் நோட்டு இருக்கிறதே. ஜூன் பத்திலிருந்து தனேஷ் சொன்ன ரயில் காரணங்களை எண்ணினேன். பதினேழு. எதையும் மாற்றாமல் தேதியோடு, நேரத்தோடு ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். ஆதாரம் இருந்தால்தானே நம்புவார்கள்?

அவனிடமே அனுமதி கேட்டேன். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "டிக்ஷனரி, நீ டைம்லாம் போட்டிருக்க" என்றான். (என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அகராதி என்று சொல்லடா என்றால் அது திட்டுகிற மாதிரி இருக்கிறதாம்.) வேண்டாமா என்று கேட்டேன். லோகேஸ்வரி அதற்குள் வாசித்து மேசையில் தலையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, போடு. ஆனா தமிழ்ல மட்டும் போடு."

ஜூலை 16, புதன்

ஒட்டிவிட்டேன். எழுதியவர் பெயர் போடவில்லை, 1927 மாதிரியே. ஓய்வு நேரத்தில் பலகை முன்னால் கூட்டம். ஒருவன் கையில் மீ கோரெங் தட்டோடு நின்று சத்தமாக வாசித்தான்:

"ஜூன் 11, 7.34. குவாங் ஸ்டேஷனில் ஒரு ஆன்டியின் பை கதவில் மாட்டிக்கொண்டது. கதவும் விடவில்லை, ஆன்டியும் விடவில்லை.

ஜூன் 19, 7.33. சுங்கை பூலோவில் மழை. ரயில் நனையப் பயந்து மெதுவாக வந்தது.

ஜூன் 25, 7.34. கெப்போங்கில் இறங்குகிறவர்களுக்கு வழிவிட இறங்கினேன். நான் ஏற யாரும் வழிவிடவில்லை.

ஜூலை 3, 7.34. நின்றபடியே ஒரு அங்கிள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்த் திரும்பினோம்."

"திரும்பினோம்" என்ற இடத்தில் கூட்டம் வெடித்துச் சிரித்தது. தனேஷ் நடுவில் நின்று குனிந்து வணக்கம் போட்டான், பிறகு ரயில் அறிவிப்பை அதில் வரும் பெண் குரலிலேயே செய்து காட்டினான். ஒவ்வொரு ஸ்டேஷன் பேரும் வரிசையாக, ஒன்றுகூட விடாமல். எவ்வளவு திறமை இவனுக்கு.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என் வாக்கியத்துக்கு முன்பின் தெரியாதவர்கள் சிரித்தார்கள். இன்று இரண்டு சப்பாத்தி கூடச் சாப்பிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

சீன, மலாய் நண்பர்கள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் போகிறார்கள். பாவமாக இருந்தது. எல்லோரும்தானே சிரிக்க வேண்டும்? மாலை உட்கார்ந்து முழுவதையும் மலாயில் எழுதி, பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஆன்டியின் பைக்குச் சரியான சொல் கிடைக்கத்தான் நேரமானது.

தனேஷ் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அவன் அடக்கத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். தனேஷ். அடக்கம். நான் எப்படித்தான் தமிழ் இலக்கியத்தில் ஏ வாங்குகிறேனோ.

ஜூலை 18, வெள்ளி

கட்டொழுங்கு ஆசிரியர் சிக்கு ஹலிம் (சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர்) பலகை முன்னால் நின்றார். மலாய்த் தாளை மேலிருந்து கீழே விரலை வைத்து வாசித்தார். பதினேழிலும் ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஒருவேளை வீட்டில் காட்டுவதற்காக இருக்கலாம்.

ஜூலை 21, திங்கள்

வீட்டில் காட்டுவதற்காக இல்லை.

காலையில் தனேஷைக் கூப்பிட்டார். தாமதப் புத்தகத்தில் அவன் பெயர் ஒரு தடவைகூட இல்லை. பலகையில் பதினேழு தடவை, நிமிடத்தோடு. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகிறது.

ஓய்வு நேரத்தில் அவனைத் தேடினேன். கென்டீன் கடைசி மேசையில் இருந்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீட்டில் ரொம்பத் திட்டுவார்களா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "நாங்க இங்க இல்ல, டிக்ஷனரி. மார்ச்லயே ரவாங் போய்ட்டோம்."

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் அம்மாவுக்கு ரவாங் ஃபேக்டரியில் வேலை. பிளாட்டைக் காலி செய்து, பள்ளி அலுவலகத்தில் முகவரியையும் மாற்றிவிட்டார்கள். அங்கேயே ஒரு பள்ளி இருக்கிறது, அதில் சேர் என்றார் அம்மா. இவன் அழாத குறையாகக் கெஞ்சி, தினமும் ரயிலில் போகிறேன், ஒரு நாள்கூடத் தாமதமாகாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். தாமதம் என்று ஒரே ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால் போதும், மறுபேச்சில்லாமல் ரவாங் பள்ளி. அதுதான் ஒப்பந்தம்.

"அப்ப அந்த ஆன்டி பை?"

"நெசம்."

"தோள்ல தூங்கின அங்கிள்?"

"அவரு பேரு சிவநேசன். இப்ப பார்த்தா காலைல வணக்கம் சொல்வாரு. பதினாறு நெசம். நாசி லெமாக் மட்டும் என் சொந்தச் சரக்கு."

உண்மையைச் சொன்னால், ரயிலால் தினமும் தாமதம் என்று யாராவது அலுவலகத்தில் சொல்லிவிடுவார்கள் என்று பயம். பொய் சொல்லவும் வரவில்லை. அதனால் உண்மையையே யாரும் நம்பாத மாதிரி சொல்லியிருக்கிறான். ஏன்டா இவ்வளவு கஷ்டப்படுற, அங்கேயே சேர்ந்தால் என்ன என்று கேட்டேன். தண்ணீர் போத்தலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தான். "அங்க நான் யாரோ ஒருத்தன். நான் சொன்னா யாரு சிரிப்பா?"

எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து அவர்கள் பிளாட்டின் துணிக்கொடி தெரியும். மார்ச்சிலிருந்து அதில் குழந்தைத் துணி காய்கிறது. அவன் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்தேன். அவனுக்கு அக்காவே இல்லை. நிமிடம் நிமிடமாகக் குறித்தேனே, இதை ஏன் பார்க்கவில்லை?

ஜூலை 22, செவ்வாய்

1927-இன் செய்திகளை மறுபடி எடுத்துப் படித்தேன். எழுதியவர் ஒரு இடத்தில்கூடத் தேதி போடவில்லை. பெயரும் முதலெழுத்து மட்டும். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 23, புதன்

சிக்கு ஹலிமின் அறைக்குப் போனேன். போகும்போது திட்டம் இருந்தது. எல்லாம் என் கற்பனை என்று சொல்லிவிட வேண்டும். லோகேஸ்வரி காலையிலிருந்து பயிற்சி கொடுத்தாள். உள்ளே போனதும் அவர் மலாயில், இவை நீ நேரில் கண்டவையா என்று கேட்டார். ஆமாம் சிக்கு என்று வாய் சொல்லிவிட்டது. பயிற்சி எல்லாம் போச்சு.

சரி, உண்மையையே முழுதாகச் சொல்வோம் என்று பள்ளிப் பாடல் வழக்கத்தைச் சொன்னேன். பாடல் முடிவதற்குள் வந்தால் பெயர் எழுதுவதில்லை. தனேஷ் மட்டும் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். அதனால் அவனுக்கு மட்டும் கடிதம் போவது நியாயம் இல்லை. பலகையில் இருப்பது முழுப் பட்டியலும் இல்லை. முழுப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதில் காரணம் மட்டும்தான் தமிழ், மற்றதெல்லாம் மலாய். நோட்டைக் கொடுத்தேன்.

வாங்கிப் புரட்டினார். தலைமை மாணவர், நான்கு தடவை. ஹாக்கிக் குழு, மொத்தமாக. ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். 'வெள்ளை மைவி, ஆசிரியர் வாசல், 7.36.' அடுத்த பக்கத்திலும் வெள்ளை மைவி.

இது என்னுடைய கார் என்றார். ஆமாம் சிக்கு என்றேன். எத்தனை தடவை என்றார். ஒன்பது என்றேன். ஃபெடரல் ஹைவேயில் நெரிசல் என்று மெதுவாகச் சொன்னார். அதையும் குறித்துக்கொள்ளட்டுமா சிக்கு என்று கேட்டேன்.

சத்தியமாக உதவியாகத்தான் கேட்டேன்.

நோட்டை மூடிக் கொடுத்தார். மேசை மேலிருந்த கடிதத்தை எடுத்து நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். போ என்றார். வெளியே வந்து சொன்னதும் லோகேஸ்வரி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நீ சிக்குவையே மிரட்டிட்ட டி என்கிறாள். நான் எங்கே மிரட்டினேன்?

தனேஷுக்குக் கடிதம் இல்லை. அது போதும்.

ஜூலை 28, திங்கள்

அது போதவில்லை. சபை கூடலில் புதிய அறிவிப்பு. இன்று முதல் 7.30 என்றால் 7.30. பாட்டுக் கணக்கு கிடையாது. ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் என்று சிக்கு ஹலிம் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். (மைவி இன்று 7.05. நியாயமான மனிதர்.)

டியூட்டி மறுபடி என்னுடையது, முதல் நாளே முப்பத்தோரு பெயர் எழுதினேன். பேனா மை தீர்ந்துவிட்டது. எத்தனை வருடமாக அக்காமார் அடுத்த அக்காமாருக்குக் கொடுத்து வந்த நான்கு நிமிடம் பத்து நொடி, என் கையால் போய்விட்டது. வகுப்பில் யாரும் என்னோடு பேசவில்லை. கால்வின் மட்டும் வந்து, கழிப்பறைக்குப் போகிறேன், நேரம் குறித்துக்கொள் என்றான்.

தனேஷின் பெயர் அதில் இல்லை. அவன் 6.50-க்கே வந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஐந்து நாளும் 6.50. முந்தின ரயில். நாலேகாலுக்கு எழுகிறானாம்.

ஆகஸ்ட் 6, புதன்

வரலாற்றுப் பாடத்தில் ஆசிரியர் தடுக்கி, பலகைத் துடைப்பான் பறந்து போய் மின்விசிறியில் பட்டுத் திரும்பி வந்தது. வகுப்பே திரும்பி தனேஷைப் பார்த்தது. அவன் ஏதாவது சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். அவன் கன்னத்தைப் புத்தகத்தில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லோரும் திரும்பி உட்கார்ந்தோம்.

ரமணி டீச்சர் அடுத்த 'வகுப்புச் செய்திகள்' எப்போது என்று கேட்டார். செய்தி எதுவும் இல்லை டீச்சர் என்றேன்.

ஓய்வு நேரத்தில் அவனிடம், யார் சிரிப்பார்கள் என்று கேட்டாயே, இங்கேயும் இப்போது யாரும் சிரிக்கவில்லையே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவன் கண் இரண்டும் சிவந்திருந்தது. கையிலிருந்த மைலோ டின்னை என்னிடம் நீட்டி, "குடிக்கிறியா?" என்று கேட்டான். காலி டின், அது அவனுக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இந்த வாரம் மறுபடி என் டியூட்டி. 7.30-க்கு அவன் இல்லை. 7.40-க்கும் இல்லை. புத்தகத்தை மூடி வகுப்புக்கு எடுத்து வந்தேன். ஓய்வு நேரம்வரை அது என்னிடம்தான் இருக்கும்.

9.20-க்குக் காவலாளி அங்கிளின் துண்டுச் சீட்டோடு வாசலில் வந்து நின்றான். ஆசிரியர் இன்னும் வரவில்லை. நாற்பது பேரும் நிமிர்ந்தோம். லோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு தயாராக இருந்தாள்.

"தூங்கிட்டேன். கண்ணு முழிச்சா கிளாங்."

அவ்வளவுதான் சொன்னான். அதோடு எதுவும் சேர்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. லோகேஸ்வரிகூட.

என் மேசைக்கு வந்து சீட்டை வைத்தான். நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. யாருக்குத் தெரியும்? அங்கிள் மறந்துவிடுவார். சீட்டை நான் கிழித்துவிட்டால் போச்சு, முடிஞ்சது, கடிதமும் இல்ல ஒன்னும் இல்ல. நாளைக்கும் அவன் நாலேகாலுக்கு எந்திரிப்பான். நாளன்னைக்கும். அடுத்த வருஷம் முழுக்க — என்னால முடியுமா அதைப் பாத்துக்கிட்டு இருக்க? ஆனா எழுதினா போயிடுவானே. எனக்கு என்ன உரிமை இருக்கு?

"எழுதாம விட்டுடவா?" என்று மெல்லக் கேட்டேன்.

நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"எழுது லா, டிக்ஷனரி. களைச்சுப் போச்சு."

எழுதினேன். பெயர், வகுப்பு, 9.20. காரணம் என்ற கட்டத்தில் 'தூக்கம்' என்று எழுதினேன். அந்தச் சொல் மட்டும் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடிதம் போய்விட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டை வைக்கப் போனேன். நீலச் சீருடையில் ஒரு ஆன்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தனேஷ். திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவன், இதுதான் ஷார்மைன் என்று சொல்லிவிட்டான்.

"நீதான் அந்தப் பட்டியல் எழுதின பொண்ணா?"

ஆமாம் ஆன்டி என்றேன். திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் கையெழுத்து. கடிதம் வந்த அன்று தனேஷே இதைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தானாம், அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளட்டும் என்று.

"கேட்டா, நல்லா உக்காந்து தூங்கிக்கிட்டே போறேம்மான்னு சொல்லுவான்" என்றார். "இந்தப் பதினேழுல இவன் ஒரு எடத்துலகூட உக்காரவே இல்லையே மா."

எத்தனை தடவை வாசித்திருப்பேன். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

தனேஷ் கூரையைப் பார்த்து, நாசி லெமாக் வாங்கின அன்னிக்கு உக்காந்திருந்தேனே என்றான். ஆன்டி அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கையை அங்கேயே வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், தாளைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் ஆன்டி என்றேன். செப்டம்பர் விடுமுறைக்குப் பிறகு ரவாங். எல்லாம் பேசியாகிவிட்டது.

வகுப்புக்குத் திரும்பியதும் அவன் தானே எழுந்து எல்லோருக்கும் சொன்னான். முதலில் யாரும் நம்பவில்லை. பாவம், அவனை யாரும் எப்போதும் நம்புவதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

கடைசி நாள். மூன்று வாரமாக அவன் பழைய ரயிலிலேயே வந்தான், தினமும் தாமதம், தினமும் புத்தகத்தில் பெயர். இனி எத்தனை எழுதினாலும் ஒன்றுதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தூங்கி வழியாமல் வந்தான். வாய் திரும்பி வந்துவிட்டது. வரலாற்று ஆசிரியர் இரண்டு தடவை வெளியே அனுப்பினார். எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது.

வகுப்பு ஒரு கேக் வாங்கியது. லோகேஸ்வரி பேச எழுந்து, சிரிக்க ஆரம்பித்து, அப்படியே அழுதுவிட்டாள். வித்தியாசம் கண்டுபிடிக்க எங்களுக்கே கொஞ்ச நேரம் ஆனது. அவன் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, தாமதப் புத்தகத்துக்கும் தனியாக நன்றி சொன்னான்.

எனக்கு நன்றி சொல்லவில்லை. கேட்டில் நின்று, "எழுதறத நிறுத்திடாத, டிக்ஷனரி. டைம் மட்டும் போடாத" என்றான். அதுதான் நன்றியா? தெரியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பள்ளி திறந்தது. தாமதமாக வந்தவர்கள் இரண்டே பேர். இருவருமே கடிகாரம் அடிக்கவில்லை என்றார்கள். நோட்டில் எழுதலாம் என்று எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும், தனேஷிடமிருந்து செய்தி வந்தது. புதிய பள்ளி வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையாம். முதல் நாளே தாமதமாம், அதுவும் ஒரு மணி நேரம். நாளைக் காலை பள்ளியில், அம்மாவின் கையெழுத்தோடு காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். 'அம்மா என்னை நம்ப மாட்டாங்க. நீயே ஒன்னு எழுதிக் குடு. புதுசா இருக்கணும்.'

எனக்குக் கற்பனை வராது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்தேன். ஏழு நிமிடத்தில் என்னதான் நடக்க முடியும்? நாய் துரத்தியது — எல்லோரும் சொல்வது. மழை — இன்று இல்லை. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். கடைசியில் இதை எழுதி அனுப்பினேன்:

'வழக்கம்போல் இருட்டிலேயே எழுந்து புறப்பட்டேன். கால் தானாக ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. ரயில் வந்தது, ஏறி நின்றேன். கெப்போங்கில் சிவநேசன் அங்கிள் வணக்கம் சொன்ன பிறகுதான், இனி நான் இந்த வண்டியில் போக வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது.'

மோசமில்லை என்று தோன்றியது. நானாக இட்டுக்கட்டியது, முதல் தடவையாக. அவன் பார்த்துவிட்டான் என்று கைபேசி காட்டியது. ஏதோ எழுதுகிறான், அழிக்கிறான், மறுபடி எழுதுகிறான்.

பிறகு வந்தது.

'யாரு சொன்னா உனக்கு?'